வாத்தியாருக்கு 21 நாள்

ஜூன் மாதம், ஒரு சிறு நகரத்துக் கலைக் கல்லூரி. வேதியியல் துறைக்கு அன்று காலைதான் வந்து சேர்ந்திருக்கிறார் ஒரு புது உதவிப் பேராசிரியர். பெயர் எதுவாகவும் இருக்கலாம். இவரைப் போல ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் வந்து சேர்கிறார்கள். எம்.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண், நெட் தேர்ச்சி, ஐந்து வருடம் ஆய்வகத்திலேயே கிடந்து வாங்கிய பிஎச்.டி. துறைத் தலைவர் அட்டெண்டன்ஸ் நோட்டையும் பாடத்திட்டத்தின் ஜெராக்ஸ் பிரதியையும் நீட்டுகிறார். “செகண்ட் இயர், ரெண்டாவது ஹவர். ஃபர்ஸ்ட் யூனிட்டை ஆரம்பிச்சிடுங்க மேடம்.”

முன்பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான். எதிரே அறுபது பிள்ளைகள். கையில் ஒரு சாக்பீஸ். தன் வாழ்க்கையில் இதுவரை ஒரு முழு வகுப்பும் எடுத்திராத ஒருவர், அடுத்த ஐம்பது நிமிடத்தைத் தள்ளியாக வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தனக்குப் பாடம் நடத்தியவர்கள் நடத்தியதைப் போலவே நடத்துவது. அவர்களும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் பி.எட். படித்தவர்கள். அந்தப் படிப்பு ஓராண்டாக இருந்து, 2015 முதல் இரண்டாண்டாகிவிட்டது. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்திலேயே இருந்து பழக வேண்டும். வகுப்பின் பின்பெஞ்சில் ஒரு மூத்த ஆசிரியர் நோட்டோடு உட்கார்ந்து, பாடம் நடத்துகிறவர் திணறுவதைக் குறித்துக்கொள்வார். பாடத்தை எப்படித் தொடங்குவது, கரும்பலகையை எப்படிப் பிரித்துக்கொள்வது, கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. பிளஸ் டூ முடித்து அதே பிள்ளை மூன்று மாதம் கழித்துக் கல்லூரிக்குள் நுழைந்தால், எதிரே நிற்பவரிடம் இதில் எதையும் யாரும் கேட்டதில்லை.

நெட் தேர்வு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, 1989 முதல் நடக்கிறது. கல்லூரி ஆசிரியராவதற்கான தகுதித் தேர்வு என்றுதான் அதற்குப் பெயர். கலைப் பாடங்களுக்கான தேர்வில் இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். முதல் தாளில் பத்து அலகு, ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி. கற்பிக்கும் திறன் என்பது அந்தப் பத்தில் ஒன்று. ஆக 150 கேள்வியில் ஐந்தைத்தான் கற்பித்தலுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. அந்த ஐந்தையும் தப்பாக எழுதிவிட்டு நெட் தேறினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி அப்ஜெக்டிவ் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்குவது போன்ற சங்கதி இது.

நூறு வருடத்துக்கு முன்னால் சென்னையில் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு இருந்திருக்கிறது. 1909இல் மாநிலக் கல்லூரியின் தத்துவத் துறைக்கு இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராக வந்தார். எம்.ஏ. முடித்திருந்தாலும் கற்பித்தலில் பட்டம் இல்லை என்பதால், அடுத்த ஆண்டு அவரைச் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எல்.டி. படிக்க அனுப்பினார்கள். அங்கே உளவியல் நடத்திய பேராசிரியர் இந்த மாணவரின் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, இனி என் வகுப்புக்கு நீ வர வேண்டியதில்லை, உன்னோடு படிக்கிறவர்களுக்கு நீயே உளவியல் சொற்பொழிவு நடத்து என்று சொல்லிவிட்டார். அந்தச் சொற்பொழிவுகள் 1912இல் சிறு நூலாகவும் வந்தன. அந்த இளைஞர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 அன்று நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுவது இவர் பெயரில்தான். அவரையே பயிற்சிக்கு அனுப்பிய வழக்கம், பிறகு கல்லூரிகள் பெருகிய காலத்தில் எப்படியோ கழன்றுகொண்டது. பள்ளி ஆசிரியருக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது.

மறுபடி அதை நினைத்துப் பார்த்தது 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, பாரதிதாசன், பாரதியார் முதலிய பல்கலைக்கழகங்களில் அவை அமைந்தன. புதிதாகச் சேர்ந்தவருக்கு நான்கு வார ஓரியண்டேஷன்: 24 வேலை நாள், 144 மணி நேரம். சில வருடம் கழித்துப் பாடவாரியாக மூன்று வார ரெஃப்ரெஷர்: 18 நாள், 108 மணி நேரம். 2015இல் பெயர் மாறி மனிதவள மேம்பாட்டு மையம் ஆயின. 2023 செப்டம்பர் 5 அன்று மறுபடி மாறி மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் ஆயின. கல்லூரி வராந்தாக்களில் இன்னமும் அதற்குப் பெயர் “ஓ.பி., ஆர்.சி.”தான். “ஓ.பி. முடிச்சாச்சா?” என்று ஒரு சீனியர் கேட்டால், ஊதிய உயர்வுக்கு என்ன பாக்கி என்று விசாரிக்கிறார் என்று அர்த்தம்.

முடிச்சு அங்கேதான் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளைப் பிரித்தால், புதிய ஆசிரியருக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி வேண்டும், முடிந்தால் வகுப்பெடுக்கத் தொடங்கும் முன்பே, தவறினால் சேர்ந்த ஓராண்டுக்குள் கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. நல்ல விதி. 2019 டிசம்பரில் ‘குரு தக்‌ஷதா’ என்ற பெயரில் அந்தப் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டியும் வெளியிட்டார்கள். ஆனால் அதே விதிமுறையின் பதவி உயர்வுப் பகுதி வேறு கணக்குச் சொல்கிறது. உதவிப் பேராசிரியர் பத்தாம் நிலையிலிருந்து பதினொன்றாம் நிலைக்குப் போக, பிஎச்.டி. இருந்தால் நான்கு ஆண்டு, எம்.ஃபில். என்றால் ஐந்து, இரண்டும் இல்லாவிட்டால் ஆறு ஆண்டுப் பணி வேண்டும். அதற்குள் கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்றை முடித்திருக்க வேண்டும். அறிமுகப் பயிற்சி முடித்திருந்தால் அதையே இதற்கும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் பத்தாம் நிலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பதினொன்றாம் நிலை 68,900இல் தொடங்குகிறது. இரண்டு விதியில் எது கல்லூரியில் உயிரோடு நடமாடும் என்று சொல்லத் தேவையில்லை. ஓராண்டுக்குள் போகாவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான்காம் ஆண்டில் சான்றிதழ் இல்லாவிட்டால் ஃபைல் நகராது. ஆகவே பயிற்சி நான்காம் ஆண்டின் முடிவுக்கு நகர்ந்துவிடுகிறது. அதற்குள் அந்த வேதியியல் ஆசிரியர் எட்டு செமஸ்டர் பாடம் நடத்தி முடித்திருப்பார். பழக்கங்கள் எல்லாம் இறுகியிருக்கும்.

முதல் ஆண்டிலேயே போக நினைத்தாலும் எளிதில்லை. முதல்வரின் முதல் கேள்வி, “உங்க ஹவரை யாரும்மா பார்ப்பாங்க?” துறையில் மொத்தம் ஐந்து பேர், அதில் ஒருவர் மகப்பேறு விடுப்பில், இன்னொருவர் தேர்வுப் பணியில். “அடுத்த செமஸ்டர் பார்த்துக்கலாமே” என்பது அன்பான பதில். அடுத்த செமஸ்டரில் கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வருகிறது.

கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சி பெரும்பாலும் இணையவழிக்கு மாறிவிட்டதால் விடுப்புச் சிக்கல் குறைந்திருக்கிறது. வேறொரு சிக்கல் முளைத்திருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு, காதில் ஹெட்செட்டோடு இன்டர்னல் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக நடந்துகொண்டே, கற்றலின் உளவியல் பற்றிய சொற்பொழிவைக் கேட்கிறவர்கள் உண்டு. சாட் பெட்டியில் “பிரசென்ட் சார்” என்று தட்டிவிட்டுச் சமையலைக் கவனிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே பேசுகிற வல்லுநர், வகுப்பில் விரிவுரையைக் குறைக்க வேண்டும் என்பதை இரண்டு மணி நேரம் விரிவுரையாக நடத்திக்கொண்டிருப்பார்.

2020 ஊரடங்கில் இந்த இணையவழிப் பயிற்சி உச்சத்துக்குப் போயிருந்தது. எஃப்.டி.பி. எனும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி ஐந்து நாள், ஏழு நாள், தேசிய வெபினார், சர்வதேச வெபினார் என்று வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர்கள் கொட்டின. ஒரு கூகுள் படிவம், பத்துக் கேள்வி, பாதிக்குச் சரியாக விடை சொன்னால் மெயிலில் வண்ணச் சான்றிதழ். சிலர் அதை ஆல்பமாகவே சேர்த்தார்கள்.

பொறியியல் பக்கம் கதை கொஞ்சம் வேறு. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தன் கீழுள்ள புதிய ஆசிரியர்களுக்கு என்.ஐ.டி.டி.டி. என்ற பயிற்சியை விதித்தது. ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் எட்டுப் பாடத்தொகுதி. பாடத்திட்டம், தொழில் நெறி, தகவல் தொடர்பு, கற்பித்தலைத் திட்டமிடுதல், தொழில்நுட்ப வழிக் கற்றல், மாணவர் மதிப்பீடு, சிக்கல் தீர்த்தல், நிறுவன நிர்வாகம் என்று வரிசை போகிறது. ஒவ்வொன்றுக்கும் தேர்வு உண்டு. அதன் பிறகு ஒரு மூத்த ஆசிரியரின் கண்காணிப்பில் பயிற்சி; அதன் பிறகு தொழிற்சாலையில் சில வாரம். இதை ஒருங்கிணைப்பது சென்னை தரமணியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம். 1964 முதல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் இடம். காகிதத்தில் பார்த்தால் கலைக் கல்லூரிக்கானதைவிட இது ஒழுங்கான ஏற்பாடு. இரண்டாம் கட்டமான மூத்தவர் கண்காணிப்புதான் இதில் உயிர்நாடி. ஆனால் வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பும் அட்மிஷன் வேலையும் பார்க்கிற ஒரு தனியார் கல்லூரி சீனியரால், இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார எந்த நேரத்தில் முடியும்?

பொறியியல் ஆசிரியரை உண்மையில் விரட்டுகிற பயிற்சி வேறு: சி.ஓ., பி.ஓ. மேப்பிங். 2014 ஜூனில் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர உறுப்பினரான பிறகு, கற்றல் விளைவு என்ற சொல் கல்லூரிகளை ஆட்கொண்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு விளைவுகள் (சி.ஓ.) எழுத வேண்டும். அவை படிப்பின் மொத்த விளைவுகளோடு (பி.ஓ.) எவ்வளவு பொருந்துகின்றன என்று எக்செல் கட்டங்களில் 1, 2, 3 போட வேண்டும். பெஞ்சமின் புளூம் குழு 1956இல் வகுத்த சிந்தனைப் படிநிலைகள் இன்று கலைக் கல்லூரி வினாத்தாளிலும் கே1, கே2 என்று அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கேள்வி என்னவோ பழைய கேள்விதான். ‘வரையறு’ என்றால் கே1, ‘ஆராய்க’ என்றால் கே4. போன வருடத்துக் கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் படிநிலை ஏறிவிடுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பயிற்சியே வீண் என்று முடிவு கட்டினால் அது தப்பு. கிரஹாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி என்ற இருவர் எட்டு நாடுகளின் 22 பல்கலைக்கழகங்களில் புதிய ஆசிரியர்களைத் தொடர்ந்து பார்த்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டில் மாணவரை மையமாக வைத்து நடத்துவதை நோக்கி நகர்ந்திருந்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், அல்லது முன்பைவிடப் பின்னால் போயிருந்தார்கள். அனுபவம் தானாகச் சொல்லித்தரும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி. 2014இல் அமெரிக்காவில் ஸ்காட் ஃப்ரீமன் குழு, அறிவியல், கணித, பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டது. வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 விழுக்காடு, மாணவர்களைப் பேச வைத்து, செய்ய வைத்து நடத்திய வகுப்புகளில் 21.8 விழுக்காடு. நூறு பேர் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் அரியர் வைக்காமல் தேறுவதற்குச் சமம்.

சரி, நம் வேதியியல் ஆசிரியரிடம் திரும்புவோம். நான்காம் ஆண்டில் ஒருவழியாக அவருக்குப் பயிற்சியில் இடம் கிடைக்கிறது. அந்தத் தடவை நேரடியாக, ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். முதல் இரண்டு வாரம் சொற்பொழிவுகள், மத்தியானச் சாப்பாடு, குழுப் படம். மூன்றாவது வாரத்தில் மைக்ரோ டீச்சிங். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலன் குழு உருவாக்கிய எளிய முறை அது. ஒரு சிறு துண்டுப் பாடம், சில நிமிடம், ஒரே ஒரு திறன், எதிரே நாலைந்து பேர். நடத்தி முடித்ததும் குறைகளைச் சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும்.

இவர் எடுத்துக்கொண்டது தாங்கல் கரைசல். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு தமிழ்ப் பேராசிரியர், ஒரு வணிகவியல்காரர், ஒரு உடற்கல்வி இயக்குநர். ஒரு செல்ஃபோனை ஸ்டாண்டில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். பத்து நிமிடம் சரளமாகப் போகிறது. ஒரு சூத்திரத்தில்கூடப் பிசகு இல்லை. பிறகு வீடியோவை ஓடவிடுகிறார்கள். அதில் ஓர் அம்மா பலகையைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறார். எழுதுவதை முதுகால் மறைக்கிறார். நொடிக்கொரு தரம் “புரிஞ்சுதா?” என்கிறார். எத்தனை முறை என்று வணிகவியல்காரர் எண்ணியே வைத்திருக்கிறார்: பதினொன்று.

தமிழ்ப் பேராசிரியர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: “தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிட்டீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிட்டீங்க.”

இதற்கு ஆய்வு உண்டு என்பதை அன்று மாலைதான் அவர் தெரிந்துகொள்கிறார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே அளந்து காட்டியது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பொறுப்பது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, “தெரியாது” குறைகிறது, இதுவரை பேசாத பிள்ளைகள் பேசுகின்றன. எட்டு செமஸ்டராக, தன் வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் அலுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

21 நாளில் அவருக்கு உதவியது அந்த அரை மணி நேரம்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஒருவர் நடத்துவதை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்து, நல்லபடியாக எடுத்துச் சொன்ன அரை மணி நேரம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் சான்றிதழில் அதைக் குறிக்க இடமில்லை. மாளவியா மிஷன் அறிவித்த எட்டுத் தலைப்புகளைப் பாருங்கள்: பன்முகக் கல்வி, இந்திய அறிவு மரபு, கல்வித் தலைமை, உயர்கல்வியும் சமூகமும், ஆராய்ச்சி, திறன் வளர்ப்பு, மாணவர் பன்மைத்துவம், தகவல் தொழில்நுட்பம். வகுப்பில் நின்று பாடம் நடத்துவது என்று ஒரு தலைப்பு தனியாக இல்லை.

இன்னொன்றும் இந்தப் பட்டியல்களுக்குள் அகப்படுவதில்லை. நம் ஊர்க் கலைக் கல்லூரி வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கிலவழி பி.எஸ்சி.க்கு வந்தவர்களாக இருக்கலாம். ‘சமநிலை மாறிலி’ என்றால் தெரிந்த பிள்ளை, அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்டு விழிக்கும். எந்த இடத்தில் தமிழில் விளக்குவது, எந்தச் சொல்லை ஆங்கிலத்திலேயே பழக்குவது, தேர்வுத்தாளில் அந்தப் பிள்ளை எப்படி எழுதும் என்பதெல்லாம் ஒவ்வொரு ஆசிரியரும் தானே தடுமாறிக் கண்டுபிடிக்கிற வித்தை.

பயிற்சியின் பக்கமே வராத ஒரு கூட்டமும் உண்டு. அரசுக் கல்லூரிகளில் கணிசமான வகுப்புகளைத் தோளில் சுமப்பவர்கள் தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்குப் பதவி உயர்வு ஏணி கிடையாது, ஆகவே ஓ.பி.க்குப் போகச் சொல்லி விரட்டுவாரும் கிடையாது. சில காலம் பணியாற்றிய தற்காலிக ஆசிரியரையும் ஸ்டாஃப் காலேஜ்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்று பழைய வழிகாட்டு நெறியிலேயே இருந்தது. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் எதை நம்பிப் போவார்?

வேறு ஊர்களில் வேலை நிரந்தரமாவதோடு இதை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் தகுதிகாண் விரிவுரையாளர், கொழும்பானாலும் யாழ்ப்பாணமானாலும், பணி உறுதியாவதற்கு முன் கற்பித்தல் பற்றிய தொடக்கப் பயிற்சியை முடித்தாக வேண்டும். நார்வேயில் 2019 முதல் குறைந்தது 200 மணி நேரக் கற்பித்தல் பயிற்சி விதியாகிவிட்டது. இல்லாமல் சேர்ந்தவர் இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

இந்தியாவிலும் வாசலை முன்னால் தள்ளி வைக்க ஒரு முயற்சி நடக்கிறது. யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி, எந்தத் துறையானாலும் ஆய்வு மாணவர் தன் பாடத்தைக் கற்பிப்பது, எழுதுவது பற்றிப் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் டுடோரியல், ஆய்வக வேலை, மதிப்பீடு என்று அவரை ஈடுபடுத்தவும் இடமிருக்கிறது. இதை ஒழுங்காகச் செய்தால், ஆசிரியர் முதல் வகுப்புக்குள் நுழையும்போது அது முதல் வகுப்பாக இருக்காது. நெறியாளர் தன் கட்டுரைகளையும் விடைத்தாள் கட்டுகளையும் மாணவர் தலையில் கட்டாமல், கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பயிற்சி முடிந்து வந்த திங்கட்கிழமை, வேதியியல் ஆசிரியர் சான்றிதழோடு அலுவலகத்துக்குப் போகிறார். கிளார்க் கண்ணாடியை இறக்கித் தேதிகளைக் கூட்டிப் பார்க்கிறார். “ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தானே இருபத்தொண்ணு? சேர்த்துதான் போட்டிருக்காங்க, பரவால்ல.” சீலைத் தடவிப் பார்க்கிறார். “ஜெராக்ஸ் மூணு காப்பி வேணும் மேடம். ஒண்ணு ஐ.க்யூ.ஏ.சி.க்கு, ஒண்ணு சி.ஏ.எஸ். புரமோஷன் ஃபைலுக்கு, ஒண்ணு நமக்கு.”

ரெண்டாவது ஹவருக்கு மணி அடிக்கிறது. காப்பி எடுக்கச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறுகிறார். அன்றைய முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனசுக்குள் மெதுவாக எண்ணத் தொடங்குகிறார். ஒன்று, இரண்டு.